குடும்பத்தில் யாருக்காவது

அண்ணனின் வயிற்றுவலிக்கு எந்த ஸ்கேனிலும் காரணம் தெரியவில்லை. மூன்றாம் நாள் சுவரோடு பேசத் தொடங்கினான். மறுநாள் காலையில் வலிப்பும் வந்தது. தெளிந்து கிடந்தவன் பக்கத்தில் டாக்டரம்மா கணினியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அரிய நோய்களைக் கண்டுபிடிக்க உதவும் செயற்கை நுண்ணறிவு அதில் இருந்தது.

"நான் பாக்காத கேஸையெல்லாம் இது படிச்சிருக்கு."

"இதுக்கும் தெரியலேன்னா எங்கப்பாவைக் கேளுங்க டாக்டர். அவருக்குத் தெரியாததுன்னு ஒண்ணு கிடையாது," என்றான் அண்ணன்.

அப்பா சிரிக்கவில்லை. என்னை மருமகளாக்கிக்கொள்ள இருந்த அம்மாள் நலம் விசாரிக்க வந்து, கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

திரையில் இரண்டு நோய்களின் பெயர்கள் வந்தன. அடியில் ஒரு கேள்வி. டாக்டரம்மா உரக்க வாசித்தார்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி வயித்துவலியும் புத்தித் தடுமாற்றமும் இருந்திருக்கா? இதை வச்சுத்தான் மருந்தை முடிவு பண்ணணும்."

அப்பாவின் கண் எதிரே இருந்த அம்மாளிடம் போய்த் திரும்பியது. "எங்க வம்சத்துலயே கிடையாது."

டாக்டரம்மா 'இல்லை' என்று பதிந்தார். இரண்டாவது பெயர் மங்கிப்போனது.

"வாங்க சம்பந்தியம்மா, லிஃப்ட் வரைக்கும் வர்றேன்," என்று அப்பா எழுந்தார்.

அவர்கள் போனதும் அண்ணனுக்கு மறுபடி வலிப்பு கண்டது. நர்ஸ் ஊசி போட்டார். உடம்பு அடங்கியது.

அப்பா தனியாகத் திரும்பி வந்து, டாக்டரம்மாவின் அருகே குனிந்தார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அலறுவா. என்னென்னவோ பேசுவா. ரூம்ல வச்சுப் பூட்டியிருந்தோம். உள்ளேயே போயிட்டா."

அத்தை காய்ச்சலில் இறந்ததாகத்தான் எங்களிடம் சொல்லியிருந்தார்கள்.

டாக்டரம்மா பதிலை மாற்றினார். இரண்டாவது பெயர் மேலே ஏறியது. அதனடியில், கொடுக்கக்கூடாத மருந்துகள் சிவப்பில் வந்தன.

"அந்த ஊசி..." என்று டாக்டரம்மா நர்ஸின் பக்கம் திரும்பினார்.

"முழுசாப் போட்டாச்சு மேடம்," என்றார் நர்ஸ்.

"இப்பவாவது சொல்லிட்டேனே டாக்டர், சரியாயிடும்ல?"

டாக்டரம்மா போனை எடுத்தார். மாற்று மருந்தை வெளியூரிலிருந்து வரவழைத்தார்கள். அது வருவதற்குள் அண்ணனுக்குக் கைகால்கள் விழுந்துவிட்டன. அதன்பின் மூச்சும் நின்றது.

ஊசி போட்ட அன்றே திரையில் இன்னொரு கேள்வியும் வந்திருந்தது: நோயாளிக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா? டாக்டரம்மா அதை வாசிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். அப்பா வாயைத் திறந்தார்.

"ஒரு தங்கை," என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன்.