மெழுகு துடைக்காத கூரை

மில்ரன் மெழுகுத் துணியைப் படகு அச்சின் மேல் வட்டம் வட்டமாக ஓட்டிக்கொண்டிருந்தான். வங்காலைக் கடற்கரையில் பைபர் படகு கட்டுகிறவனுக்கு அது யோசித்துச் செய்கிற வேலையல்ல. அச்சுக்கு மெழுகு பூசாவிட்டால் படகு அச்சோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டையும் உடைத்துத்தான் பிரிக்க வேண்டும். பதினெட்டு வருசத்தில் தன் படகு ஒன்றுகூட அச்சில் ஒட்டியதில்லை என்று அவன் சொல்லிச் சொல்லி, ஊரில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது.

அந்தக் கை திடீரென்று நின்றது.

பைசரின் காருக்கும் மெழுகு பூசினேனே. பிறகு துடைத்தேனா?

துடைக்கவில்லை.

எருக்கலம்பிட்டிப் பைசர் அவனுக்குப் பதினைந்து வருசக் கூட்டாளி. பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, மூன்று வருசமாகக் கழற்றிப் பூட்டி, றேஸ் கார் ஆக்கியிருந்தான். அந்தக் காரின் கூரையில் ஒரு சன்ரூஃப் இருந்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற மன்னாரில் கூரைக்கு ஜன்னல் வைத்த காரை வாங்கினவன் இவன் ஒருவன்தான். அந்த ஜன்னலை நிரந்தரமாக மூடினால்தான் ஓட விடுவோம் என்றார்கள் றேஸ் நடத்துகிறவர்கள். முருங்கனில் ஒருவன் தகடு வைத்து வெல்டிங் பிடித்தான். சூட்டில் கூரை அப்பளம் மாதிரி நெளிந்தது. நெளிந்ததை வெட்டி எறிந்தபோது ஓட்டை முன்னையைவிடப் பெரிதாகிவிட்டது.

அப்போதுதான் மில்ரன் வாயைக் கொடுத்தான். "இருபது அடிப் போட்டைக் கடலில விடுறனான். இந்த ரெண்டடி ஓட்டை எனக்கொரு வேலையே?"

ஓட்டையைப் பலகையால் அடைத்து, கூரையையே அச்சாக வைத்து மெழுகு பூசி, அதன் மேல் பைபர் படிய விட்டான். ஹெல்மெட் தட்டாமல் உள்பக்கம் வழுவழுவென்று வரவேண்டுமென்றால் அதுதான் வழி. காய்ந்ததும் பைபர் தகடு பூப்போல எழும்பி வந்தது. ஓரம் வெட்டி, விளிம்பின் அடிப்பக்கத்தை மட்டும் சொரசொரப்பாக்கி, ரெசின் பசை தடவி, அதே இடத்தில் திரும்ப வைத்து ஒட்டினான். மேலே பெயின்ற் அடித்ததும் ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை.

ஆனால் கூரையின் விளிம்பில் பூசின மெழுகை அவன் தொடவேயில்லை. படகுக்காரன் அச்சில் இருக்கிற மெழுகை எப்போதாவது துடைப்பானா? மேலும் மேலும் பூசத்தானே செய்வான். எதுவும் ஒட்டக்கூடாது என்று பூசின மெழுகின் மேல், ஒட்டு ஒட்டு என்று பசை வைத்திருக்கிறான், மடையன்.

கார் விடியவே லொறியில் போய்விட்டது, பைசரும் அதோடுதான். பின்னேரம் மூன்று மணிக்கு, அநுராதபுரத்துக்கு அந்தப் பக்கம், கிரவல் மண் தரையில் ஒத்திகை ஓட்டம், நாளைக்கு றேஸ். நூறு மைல் வேகத்தில் காற்று அந்தத் தகட்டுக்கு அடியில் நகத்தை வைத்தால் போதும். பிய்ந்து பறந்து பின்னால் வருகிறவனின் கண்ணாடியில் இறங்கும். பைசரின் கார் புரண்டால் அவன் தலைக்கு மேலே ஒன்றும் இருக்காது.

பைசருக்குப் போன் எடுத்தான். பைசரின் மனைவி ரிஸ்னாதான் பதில் சொன்னாள்.

"அவர் போனைச் சார்ஜில விட்டிட்டுப் போட்டார், மில்ரன் அண்ணன். என்ன விசயம்?"

"லொறிக்காரன்ர நம்பர் இருக்கோ?"

"பேப்பரெல்லாம் அவரோடதான். ஏன், என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை" என்று வைத்துவிட்டான். உண்மையைச் சொல்லக் கோழைக்கு வாய் வரவில்லை.

மோட்டார்சைக்கிளை உதைத்தான். உயிலங்குளம், முருங்கன், பிறகு மதவாச்சி வீதி. எதிர்க்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. காற்று அடிக்க அடிக்க அவன் அந்தத் தகட்டைத்தான் நினைத்தான். வேளாங்கண்ணி மாதாவே, பிடிச்சு வைச்சிரு, நான் போய்ச் சேருமட்டும் பிடிச்சு வைச்சிரு. அழுதுகொண்டே ஓட்டினான். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?

திடலுக்குள் நுழையும்போது மூன்றுக்கு ஐந்து நிமிடம். கார்கள் வரிசையில் உறுமிக்கொண்டு நின்றன. நான்காவதாகச் சிவப்புக் கார். முன்கண்ணாடியில் பரிசோதனை முடிந்ததற்கான பச்சை ஸ்ரிக்கர்.

"யன்ன பே!" போக முடியாது என்று கொடிக்காரர் சிங்களத்தில் கத்திக் கையை நீட்டி மறித்தார். மில்ரன் அந்தக் கைக்குக் கீழால் புகுந்து ஓடி, காரின் பொனற்றில் இரண்டு கையையும் அடித்து நின்றான்.

பைசர் இஞ்சினை நிறுத்தினான். "விசரே உனக்கு?"

"இறங்கு. கூரை கழரும்."

"தட்டிக் குத்திப் பார்த்துத்தான் விட்டவங்கள். கல்லு மாதிரி நிக்குது."

"மெழுகு துடைக்கேல்ல மச்சான். நான் துடைக்கேல்ல."

பைசர் அவனையே பார்த்தான். அடுத்த வருசத்திலிருந்து இந்தப் பழைய வகைக் கார்களுக்கு ஓட்டமே இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். இன்று விட்டால் விட்டதுதான். அது மில்ரனுக்கும் தெரியும்.

"நிக்கும்டா" என்றான் பைசர். கெஞ்சுகிற குரல். "ரெண்டு நாள். ரெண்டு நாள் மட்டும் நிண்டாப் போதும்."

மில்ரனுக்கும் அதை நம்ப ஆசையாக இருந்தது. பேசாமல் விலகி நின்றால் என்ன? நின்றாலும் நிற்கும். அவன் காற்சட்டைப் பையில் கையை விட்டான். படகை அச்சிலிருந்து கிளப்புகிற சின்ன மர ஆப்பு, எப்போதும் போல, அங்கே கிடந்தது.

இடுப்பில் செருகியிருந்த கத்தியின் நுனியால் விளிம்புப் பெயின்றைக் கீறி, ஆப்பை வைத்தான். ஆயிரம் தடவை செய்த வேலை. ஒவ்வொரு தடவையும் கழன்று வா, கழன்று வா என்றுதான் மனதுக்குள் சொல்வான். இன்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒட்டிக்கொள், தயவுசெய்து ஒட்டிக்கொள் என்று கெஞ்சினான். உள்ளங்கையால் ஒரு தட்டு.

டக்.

சுற்றிவரப் பெயின்ற் வெடித்தது. தகடு முழுதாக அவன் கையோடு வந்தது. உடையவில்லை, பிசிறவில்லை. கூரையின் விளிம்பு வெயிலில் பளபளத்தது. இவ்வளவு சுத்தமாக ஒரு படகும் அவனுக்குக் கழன்றதில்லை.

கொடிக்காரர் எட்டிப் பார்த்தார். நகத்தால் பச்சை ஸ்ரிக்கரைச் சுரண்டி எடுத்தார். சிவப்புக் காரை ஓரமாகத் தள்ளினார்கள். மற்றக் கார்கள் சீறிக்கொண்டு போயின. எழும்பின புழுதி ஓட்டைக்குள்ளால் இறங்கி, இருக்கையிலேயே உட்கார்ந்திருந்த பைசரின் ஹெல்மெட்டில் படிந்தது. அவன் துடைக்கவில்லை.

மில்ரனின் போன் அடித்தது. ரிஸ்னா. எடுத்துக் காதில் வைக்கத் துணிவில்லாமல் பைசரிடம் நீட்டினான். பைசர் ஹெல்மெட்டைக் கழற்றினான். கண் சிவந்திருந்தது.

"ஓட்டமில்லை... கூரை கழண்டிட்டுது... இல்ல, இல்ல, நான் ஓட முந்தி. மில்ரன் வந்து கழட்டினவன்." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அழுகிற சத்தம் வெளியிலும் கேட்டது. "ஓம் புள்ள. ராவைக்கு வீட்டுக்கு வந்திருவன்."

போனைத் திருப்பிக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கட லொறியில ஏறாத. உன்ர மோட்டார்சைக்கிள்ளயே போ."

மில்ரன் தகட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தான். எறிய ஓரிடமும் கிடைக்கவில்லை. மோட்டார்சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினான். முதல் கட்டு அவிழ்ந்தது. மறுபடி கட்டி, கயிற்றை இறுக்கி, இழுத்துப் பார்த்தான். இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றான்.