குரங்கணிக்குப் போன கம்ப்யூட்டர்

“எல்லாத்தையும் அழிக்கவான்னு கேக்குது, ஃபாயிசா. அமுக்கிரவா?”

“எல்லாத்தையும்னா?”

“முழு டிஸ்க்கையும்தான். மேல பூஜ்யமா எழுதி ஓட்டிருவேன். அப்புறம் உங்கண்ணனே வந்து கெஞ்சுனாலும் ஒண்ணும் திரும்பாது.”

சொன்ன பிறகுதான் ஆதித்தன் அண்ணனுக்கு உறைத்தது. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, தன் கம்ப்யூட்டர் கடை வாசலில் நின்ற மதுரை பஸ்ஸைப் பார்த்தார். என் அண்ணன் ஷகீலோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவர். ஷகீல் செத்து முப்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. அவனைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வாய் இன்னும் பழைய பழக்கத்திலேயே போனது.

போடிமெட்டுச் சாலையில், மழையில், ஏலக்காய் லோடோடு அவன் வந்த ஜீப் கவிழ்ந்துவிட்டது. அவனுடைய போன்கூட நசுங்கித்தான் கிடைத்தது. மிச்சமிருந்தது எங்கள் ஏலக்காய்க் குடோனில் பத்து வருஷமாக அவன் வைத்திருந்த இந்தக் கம்ப்யூட்டர். அவன் பயன்படுத்திய பொருள் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்னால் யாருக்காவது உதவ வேண்டும், அந்த நன்மை அவனைப் போய்ச் சேரும் என்று அம்மா சொன்னாள். குரங்கணியில் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தும் ஜெபமணி டீச்சர் ஒரு கம்ப்யூட்டர் தேடிக்கொண்டிருந்தார்.

ஆனால் அது திறந்து வரவே கால் மணி நேரம் ஆகும். வந்ததும் உறைந்து நிற்கும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்றார் ஆதித்தன் அண்ணன். பெட்டியைக் கழற்றியபோது காற்றாடியில் பச்சை நிறத்தில் தூசி அப்பியிருந்தது. பிரஷ்ஷால் தட்டினார். கடை முழுக்க ஏலக்காய் மணந்தது. உள்ளே இருந்த சின்ன பேட்டரி தீர்ந்துபோய், கடிகாரம் ஏதோ ஒரு பழைய ஜனவரி ஒன்றாம் தேதியைக் காட்டியது. அந்தத் தேதியில் ஷகீல் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். மாற்ற வேண்டாமே என்று எனக்குத் தோன்றியது. அவர் புதுப் பேட்டரியைப் போட்டு இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தார்.

அழிப்பதற்கு முன்னால் நான் தேட வேண்டியது ஒன்று இருந்தது. அதைத் தேடச் சொன்னவள் என் மதினி அப்ரின்.

மதினிக்கு ஏழாவது மாதம். புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறாள். பிள்ளை பெறும்வரை வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள். விஷயத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் ஷகீல் குடோன் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறானாம். பிறந்ததும் போட்டுக் காட்டுவதாகச் சொன்னானாம். “பேரும் அதுலதான் இருக்குன்னாக. என்ன பேருன்னு எவ்வளவோ கேட்டேன். சிரிச்சாகளே தவிர சொல்லல.”

கம்ப்யூட்டரை ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளையே பார்க்கச் சொல்லியிருக்கலாம். அம்மா அதைப் பார்த்தால் மறுபடி அழுவாளே என்று நேராகக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்க, மதியத்திலிருந்து ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்தேன். கல்யாண போட்டோக்களை எடுத்துவைத்தேன். ஏலம், பாட்டு, பழைய பில் என்று பெயர் வைத்திருந்தவற்றுக்குள் போய்ப் பார்த்தேன். மதினியின் பெயரில் ஒன்றுமில்லை. பிள்ளை என்றும் ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் ‘கழிவு’ என்று ஒரு கோப்புறை இருந்தது. மவுஸ் அம்பு அதன்மேல் ஒரு நிமிஷம் நின்றது. வேண்டாததைக் கொட்டி வைத்திருப்பான் என்று நினைத்தேன். திறக்கவில்லை.

பேங்க் கடவுச்சொல்லெல்லாம் கம்ப்யூட்டரில் இருந்ததால் சும்மா அழித்தால் போதாது என்று அத்தா சொல்லியிருந்தார்.

“அழிச்சிருங்கண்ணே” என்றேன்.

பட்டை மெல்ல நகர்ந்தது. நான் பையிலிருந்து நாவலை எடுத்தேன். ஏதோ ஒரு தூர தேசத்தில் ஆற்றின்மேல் பனி கட்டியிருந்தது. அதன்மேல் ஒருவன் தனியாக நடந்துபோனான். அவன் அக்கரை சேர்கிறானா என்று பார்ப்பதற்குள் டிஸ்க் சுத்தமாகியிருந்தது. பிறகு லினக்ஸ் இருபது நிமிஷத்தில் ஏறிவிட்டது. தமிழ் எழுத்து, கணக்கு விளையாட்டு, படம் வரைகிற ஒன்று, எல்லாம் போட்டுக் கொடுத்தார். அரை நிமிஷத்தில் திறந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலையில் மானிட்டரையும் ஹெட்போனையும் எடுக்கக் குடோனுக்குப் போனேன். மதுரையில் காலேஜ் படிக்கப் போனதிலிருந்து நான் அந்தப் பக்கம் அதிகம் போனதில்லை. காய் பொறுக்கும் முனியாயி அக்கா மட்டும் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். மேசைக்கு வழி விடாமல் ஒரு மூட்டை கிடந்தது. அதன் பக்கவாட்டில் ஷகீலின் கையெழுத்து, பெயிண்டில்: கழிவு. காலால் தள்ளினேன்.

“ஆத்தா, ஒதைக்காத. குடோன்லேயே ஒசந்த சரக்கு அதுதான்.”

“கழிவுன்னுல்ல எழுதியிருக்கு?”

“உங்கண்ணன் சோலிதான். நல்ல காயை எந்த மூட்டையில போட்டாலும் கழிவுன்னு எழுதிரும். வர்றவன் போறவன் கண்ணு படாது, கையும் போகாதுன்னு சொல்லும். எங்களுக்கு மட்டுந்தான் தெரியும்.” முனியாயி அக்கா முறத்தைத் தட்டிவிட்டுச் சிரித்தார். “இதுகூட தெரியாம அந்த வீட்டுல எப்படித்தான் வளந்தியோ.”

நான் அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஆதித்தன் அண்ணனுக்குப் போன் செய்தேன். எதையாவது மீட்க முடியுமா என்று கேட்டேன். என்ன கோப்பு என்று கேட்டார். சொன்னேன்.

“பூஜ்யமா எழுதியாச்சுல்ல, ஃபாயிசா” என்றார்.

குரங்கணிக்கு ஜீப்பில் போனேன். சி.பி.யூ. மடியில் இருந்தது, இறக்கி வைக்க மனம் வரவில்லை. ஜெபமணி டீச்சர் காபிக் களத்தை ஒட்டிய ஒரு அறையில் வகுப்பு நடத்தினார். மேசையைத் துடைத்து, ஒரு பழைய சேலையை விரித்து வைத்திருந்தார். திறந்து காட்டினேன். இதில் பேசினால் பதியுமா, பிள்ளைகள் வாசிக்கப் பழக வேண்டும் என்று டீச்சர் கேட்டார். ஷகீலின் ஹெட்போனைச் சொருகினேன். அதன் மைக்கில் அவன் பல் தடம் இருந்தது. பேசாத நேரத்தில் கடித்துக்கொண்டே இருப்பான்.

பாண்டீஸ்வரி என்ற சிறுமி வந்து உட்கார்ந்தாள். என்ன சொல்ல என்று டீச்சரைப் பார்த்தாள். உன் பேரைச் சொல்லு என்றார்.

“என் பேரு பாண்டீஸ்வரி” என்றாள். பதிந்ததைத் திரும்பப் போட்டோம். என் பேரு பாண்டீஸ்வரி என்றது கம்ப்யூட்டர். அறை முழுக்கச் சிரித்தது. பெட்டி கொடுத்த புண்ணியவான் நல்லா இருக்கட்டும் என்று டீச்சர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வெளியே வந்து ஜீப்பின் பின்னால் நின்று அழுதேன்.

வீட்டில் மறுநாள் பாத்திஹாவுக்குப் பாத்திரங்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் தலையைத் தடவினாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வந்தாய் என்றாள். உள்ளறையில் மதினி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதி எழுதிப் பார்த்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும், தேடினேன் மதினி, கிடைக்கவில்லை என்று மட்டும் வந்தது.

அவள் அழவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“அவுக எங்கேயாவது ஒளிச்சுத்தான் வச்சிருப்பாக, ஃபாயிசா. நீ நேத்துதான பாத்த, ஒரே நாள்ல எப்படிக் கிடைக்கும்? பிள்ளை பொறந்ததும் நானே குரங்கணிக்குப் போயி தேடிப் பாக்குறேன். பேரு வைக்கிறதைக்கூட அதுவரைக்கும் தள்ளிப் போடச் சொல்லிருக்கேன் மாமிகிட்ட.” என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். “அதுல இருக்கிற எதையும் யாரும் அழிச்சிர வேணாம்னு அந்த டீச்சருக்கு இப்பவே ஒரு போன் போட்டுச் சொல்றியா?”