பிரிக்காத தையல்

"உனக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல இறக்கையோட சேர்த்து அதையும் தச்சுட்டாங்களா?"

இறக்கைத் துணி தைத்துக்கொண்டிருந்த சின்னவளிடம் இப்படிக் கேட்டவன் ஒரு விமானி. விமானங்களைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் எல்லாரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடுதளத்தின் கோடியில் இருந்த மரத்தில் விமானத்தைக் கொண்டுபோய் மாட்டிவிட்டு, தலைமுடியில் இலையும் சுள்ளியுமாகச் சிரித்துக்கொண்டே வந்து நின்றான்.

சின்னவள் குனிந்த தலை நிமிராமல், மெழுகு நூல் கோத்த ஊசியை அவன் பக்கம் நீட்டினாள்.

"அவகிட்ட வம்பு வச்சுக்காத தம்பி," என்றாள் அவளுடைய அக்கா. "பள்ளிக்கூடத்துல பேரைக் கேட்டதுக்கே பதில் சொல்லாம வீட்டுக்கு வந்து சேர்ந்தவ. நீ எம்மாத்திரம்? உட்காரு, தை."

அக்காதான் துணிப் பிரிவின் தலைவி. பள்ளிக்கூடம் ஒத்துவராது என்று ஆனபிறகு தங்கையைக் கையோடு இங்கே அழைத்துவந்து பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டவள் அவள்தான். யுத்தம் தொடங்கி இரண்டாவது வருடம் அது. அந்த விமானங்களுக்கு எலும்பு மரம், தோல் துணி. இறக்கைச் சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் வார்னிஷ் பூசினால் மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். குண்டு துளைத்தாலும், கிளை கிழித்தாலும், ஒட்டுப் போட்டு மறுபடி மேலே அனுப்பவேண்டியது இந்தப் பெண்களின் வேலை.

அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மேலிடத்துக்குத் தெரியாத வழக்கம். விமானத்தை உடைத்துவிட்டு உயிரோடு வருகிறவன் எவனாக இருந்தாலும் சரி, அரை நாள் துணிப் பிரிவின் முக்காலியில் உட்கார்ந்து, இறக்கையில் ஓர் ஒட்டாவது தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். "நாங்க கண்ணு பூத்துப்போய் தைக்கிறோம், நீங்க நோகாம போய் மரத்துல மாட்டிட்டு வர்றீங்களா?" என்று வருகிறவனை வறுத்தெடுப்பார்கள். துணி வெட்டும் சித்திக்கு அதில் அலாதி ருசி. பட்டறைக்கே சித்தி அவள். விமானிகளின் பரம்பரையையே இழுத்துப் பேசுவாள். அவர்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள்.

ஏனென்றால் முக்காலிக்கு வந்தவன் பிழைத்தவன். ஒரு விமானம் விழுந்ததாகச் செய்தி வந்தால், அக்கா உடனே ஓர் ஊசியில் நூல் கோத்து முக்காலிக்குப் பக்கத்துப் பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பாள். சாயங்காலம் வரை யாரும் வராவிட்டால் நூலை உருவி உருளையில் சுற்றிவிடுவாள். அப்போது சித்திகூட வாய் திறக்கமாட்டாள். அந்த மழைக்காலத்தில் அக்கா இரண்டு முறை நூலைச் சுற்றியிருந்தாள். அதனால், முழங்கை சிராய்த்து, நொண்டிக்கொண்டு, திட்டிக்கொண்டு ஒருவன் உள்ளே நுழைந்தால் போதும், பட்டறை கல்யாண வீடாகிவிடும்.

ஆனால் அந்தத் தையலை நம்பி விமானத்தைப் பறக்கவிட முடியுமா? ஒருவன் தன் சட்டைக்கையையும் சேர்த்து இறக்கையோடு தைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கத்தினான். அதனால் அவர்கள் போனதும் தையலைப் பிரித்துவிட்டு ஒழுங்காக மறுபடி தைக்கவேண்டும். அது சின்னவளின் வேலை. கூர்மையான குட்டிக் கத்தரி ஒன்று அவள் கழுத்துக் கயிற்றில் எப்போதும் தொங்கும்.

இரண்டாவது முறை ரேடியோ வந்தபோது சிரிப்பில்லை. எதிரி விமானம் ஒன்று அவனைத் துரத்தித் துரத்திச் சுட்டிருந்தது. வாலும் இடது இறக்கையும் சல்லடையாகியிருந்தன. எப்படி இறக்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. வந்தான், உட்கார்ந்தான், ஊசியை வாங்கினான். அரை நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கு நுனியை உதட்டோரம் துருத்திக்கொண்டு, இடது இறக்கையில் ஒரு சாண் ஒட்டுக்கு உயிரைக் கொடுத்துத் தைத்தான். எறும்பு அளவில் தொடங்கிய தையல் போகப்போகப் பல்லி அளவுக்கு வளர்ந்து, நடுவில் வழி தெரியாமல் வளைந்து, கடைசியில் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்திருந்தது.

அவன் போனபிறகு சின்னவள் கத்தரியோடு அதன் முன்னால் உட்கார்ந்தாள். விரலால் தடவினாள். நூலை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது. வார்னிஷ்காரர் வாளியோடு வந்து, "என்னம்மா, ஆச்சா?" என்றார். அவள் தலையாட்டிவிட்டு எழுந்துகொண்டாள். தூரிகை அந்தக் கோணல்மாணலின்மேல் ஓடி மூடியது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் செய்தி வந்தது. ரேடியோவின் விமானம் விழுந்துவிட்டது. எங்கே, எப்படி, ஆள் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

அக்கா ஊசியில் நூல் கோத்துத் திண்டில் குத்தினாள். சின்னவளுக்கு இடது இறக்கை, அந்த ஒட்டு, தான் பிரிக்காமல் விட்ட நூல், இவை தவிர வேறெதுவும் கண்ணில் நிற்கவில்லை. ஊசி விரலில் ஏறியது. மறுபடி அதே விரலில் ஏறியது. "பார்த்துடி," என்றாள் சித்தி, கேலி இல்லாத குரலில்.

வெயில் சாயும் நேரத்தில் வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. உச்சி முதல் பாதம் வரை சேறு அப்பிய ஓர் உருவம் இறங்கியது. இடது கை கழுத்துக் கட்டில் தொங்கியது. காதோரம் ஒரு கொத்துப் பாசி.

"யாராவது ஒரு துண்டு குடுங்கம்மா! எனக்கு நீச்சல் தெரியுது, விமானத்துக்குத்தான் தெரியல. குளத்துல முங்கிடுச்சு!"

பட்டறையின் கூரையே பறந்துவிடும் போலச் சிரித்தார்கள். சித்தி அவன் முதுகில் அடித்த அடியில் காய்ந்த சேறு பாளம் பாளமாக உதிர்ந்தது. சின்னவள் துணிச் சுருள்களுக்குப் பின்னால் போய் நின்று, நன்றாக மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் விசாரணை அதிகாரி வந்தார். ஒடிசலான மனிதர். கையில் குளத்திலிருந்து எடுத்த இறக்கைத் துணி. பின்னால் ரேடியோ, குளித்து, கை கட்டோடு, நல்ல பிள்ளை மாதிரி. அதிகாரி துணியை மேசைமேல் விரித்தார். வார்னிஷ் உரிந்து, அந்தக் கோணல் தையல் எல்லாரையும் பார்த்து இளித்தது.

"இது யாரோட தையல்?"

"ஐயா, எங்க வீட்டுக் கோழிகூட இதைவிட நல்லா கிளறும்," என்றாள் சித்தி. அக்கா அவள் காலை மிதித்தாள்.

"இன்ஜின்தான் ஐயா இருமிச்சு," என்று ரேடியோ இடையில் புகுந்தான்.

"இன்ஜினைக் காலையிலயே வெளிய எடுத்துப் பிரிச்சுப் பார்த்தாச்சு. அதுக்கு ஒரு இருமலும் இல்ல." அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் ஆளுக்கு ஒரு சாண் தைச்சுக் காட்டுங்க."

தைத்தார்கள். ஒவ்வொரு தையலும் அச்சடித்த மாதிரி இருந்தது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அதிகாரி பெருமூச்சு விட்டார். "ஆள் கிடைக்கலன்னா பிரிவுத் தலைவிதான் பொறுப்பு. நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வர வேண்டாம்மா."

அக்கா தங்கையின் கண்களையே உற்றுப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அந்தப் பார்வை சொன்னது. அது சின்னவளுக்கு உலகத்திலேயே சுலபமான காரியம். இத்தனை வருடமாகச் செய்துவருவது. ஆனால் அன்று முடியவில்லை.

"நான்," என்றாள்.

மூலையில் ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"தச்சது நான் இல்லீங்க. பிரிக்காம விட்டது நான்."

அப்புறம் எல்லாமே வெளியே வந்துவிட்டது. முக்காலி, அரை நாள், கத்தரி, வழக்கம் எல்லாம். அதிகாரியின் புருவம் நெற்றியின் உச்சிக்கே ஏறிவிட்டது.

"பைலட் தைச்சாரா? எந்த பைலட்?"

அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ரேடியோ கூரையில் ஏதோ சிலந்தியைத் தேடிக்கொண்டிருந்தான்.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். துணியின்மேல் கவிழ்ந்து, தையலை எறும்பிலிருந்து பல்லி வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 

"தையல் ஒண்ணுகூட விடலையே," என்றார் கடைசியில். "துணி கிழிஞ்சிருக்கறது இதுக்கு ஒரு முழம் தள்ளி. கிழிசல்ல பூரா நாணல் நார். நாணல் உயரத்துல ஒரு விமானத்துக்கு என்ன வேலை?"

ரேடியோ தொண்டையைச் செருமினான். "வாத்துங்க ஐயா."

"என்ன வாத்து?"

"குளத்துல கூட்டமா நீந்திட்டு இருந்துச்சு. எதிரி யாரும் இல்ல, வெயில் நல்லா இருந்துச்சு. கொஞ்சம் கிட்டப் போய் ஒரு வணக்கம் போட்டுட்டு வரலாம்னு..."

"அப்புறம்?"

"சக்கரம் நாணல்ல மாட்டிக்கிச்சு. வாத்து ஒண்ணுக்கும் அடி படல ஐயா, நான் எண்ணிப் பார்த்தேன்."

சித்தி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதிகாரி முகத்தில் ஒரு சுருக்கமும் அசையவில்லை. "கை சரியாகி ஒரு மாசம் ஆகற வரைக்கும் நீ தரையிலதான். குளத்துல கிடக்கற விமானத்துல ஒரு ஆணி விடாம நீயே பொறுக்கிட்டு வர்ற. புரியுதா?"

பிறகு சின்னவளிடம் வந்தார். "தையல் தாங்கினது உன் நல்ல நேரம். ஆனா பிரிக்கணும்கிறது உன் வேலை. அதை ஏன் செய்யல? அலட்சியம்னா உனக்கு இங்க இடம் கிடையாது. இன்னொரு நாள், இன்னொருத்தன் உயிரு போயிடும்."

"நேரம் இல்லன்னு சொல்லிடுடி," என்று அக்கா முணுமுணுத்தாள்.

நேரம் இல்லை என்றால், வேலையை அவசரப்படுத்தியது அக்கா என்றாகும். அதோடு, அது பொய். சின்னவள் கழுத்துக் கயிற்றிலிருந்த கத்தரியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நேரம் இருந்துச்சுங்க. கத்தரியும் கையிலதான் இருந்துச்சு. இழுத்துப் பார்த்தேன், கெட்டியா இருந்துச்சு. பிரிக்க மனசு வரல."

"ஏன்?"

"அன்னிக்கு அவர் பயந்துபோய் வந்திருந்தாரு. ஒரு பேச்சும் பேசாம, நாக்கைத் துருத்திக்கிட்டு, சின்னப் புள்ள எழுத்து எழுதற மாதிரி தச்சாரு." இவ்வளவு நீளமாக அவள் பேசி அக்காவே கேட்டதில்லை. நிறுத்தினால் மறுபடி வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் நிறுத்தவில்லை. "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. அந்தத் தையலும் பிடிச்சிருந்துச்சு, தச்சவரும் பிடிச்சிருந்துச்சு. அதான் பிரிக்கல."

 "அடி அம்மாடியோவ்!" என்று சித்தி உடைத்துக்கொண்டு கிளம்ப, பட்டறை முழுக்க வார்னிஷ் டப்பாக்கள் உருண்ட மாதிரி சிரிப்பு உருண்டது. வார்னிஷ்காரர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா தங்கையின் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள், சிரித்துக்கொண்டே.

அதிகாரி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் இருமினார். "இது அலட்சியத்துல சேராது," என்றார். "அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் வேலையில இருங்க. ஆனா ஒண்ணு. இனிமே மனசு வந்தாலும் வராட்டாலும் பிரிச்சே ஆகணும்."

இப்போது எல்லாரும் ரேடியோவைப் பார்த்தார்கள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கச் சித்தி ஒரு எட்டு முன்னால் வந்தாள். அவன் வாயைத் திறந்தான். மூடினான். கழுத்தில் தொடங்கிய சிவப்பு காதுவரை ஏறியது. தொப்பியை எடுத்துப் பின்பக்கம் முன்னால் வரும்படி மாட்டிக்கொண்டான். சின்னவளை ஒருமுறை பார்த்தான், தரையைப் பார்த்தான், நல்ல தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டான். இடித்த இடத்தைத் தேய்த்தபடி, ஒரு வார்த்தை பேசாமல் வெயிலுக்குள் இறங்கி நடந்தான்.