பிரிக்பீல்ட்ஸ் மாடியில் ஒரு சனிக்கிழமை

குணேஸ்வரி ஒரு கோச். கம்பெனி மேலாளர்களோடு தனித்தனியே உட்கார்ந்து பேசி, அவர்களுடைய சிக்கலை அவர்களே அவிழ்க்கத் துணைநிற்பது அவள் தொழில். பல வருடங்களாக நன்றாகவே போய்க்கொண்டிருந்த அந்தத் தொழில், கிள்ளானில் கிரிதரனிடம் வந்து முட்டிக்கொண்டது.

கிரிதரன் ஒரு தொழிற்சாலையில் புதிதாக மேலாளர் ஆனவர். தன் ஆட்களிடம் வேலை வாங்க முடியவில்லை என்பது அவர் குறை. குணேஸ்வரி எதைச் சொன்னாலும், "சரி மேடம், செஞ்சிடலாம்" என்பார். அடுத்த சந்திப்பில் பார்த்தால் ஒன்றும் நடந்திருக்காது. "வேற என்ன செய்யலாம், சொல்லுங்க" என்று மறுபடியும் தொடங்குவார். லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பூச்சோங் வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம், தனக்கு இந்தத் தொழிலே தெரியாதோ என்ற எண்ணம் அவளை அரித்தது.

மாதம் ஒருமுறை பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் கோச்சுகள் சிலர் கூடுவார்கள். தங்களிடம் வருபவரின் பெயரைச் சொல்லாமல், தாங்கள் திணறும் இடத்தை மட்டும் எடுத்துவைப்பார்கள். நடத்துபவர் ஜனகா. குணேஸ்வரி அங்கே மற்றவர்கள் சிக்கலைக் கேட்டிருக்கிறாளே தவிர, தன்னுடையதைச் சொன்னதில்லை. அந்தச் சனிக்கிழமை சொன்னாள்.

முடிப்பதற்குள் கோச்சுகளில் ஒருவரான சுகுமாறன் பிடித்துக்கொண்டார். "ஆளுக்கு ஒரு டார்கெட் போடச் சொல்லுங்க லா."

"அது வேணாம்க்கா, அவரோட பாஸையும் கூப்பிட்டு வச்சுப் பேசுங்க," என்றாள் இன்னொரு கோச் மாதவி.

இரண்டுக்கும் குணேஸ்வரி தலையாட்டினாள். "சரி, செஞ்சு பாக்கறேன்."

ஜனகா மெதுவாகக் கேட்டார். "இப்ப இங்க என்ன நடக்குது, கவனிச்சீங்களா?"

சுகுமாறனுக்குத்தான் முதலில் புரிந்து சிரிப்பு வந்தது. "நாங்க சொல்லிக்கிட்டே இருக்கோம். இவங்க சரி சரிங்கறாங்க."

குணேஸ்வரிக்கு முகம் சூடேறியது. ஒப்புக்கொண்டா தலையாட்டினாள்? பேச்சு முடிந்தால் போதும் என்றல்லவா? கிரிதரன் சொல்லும் 'சரி'யும் இதுதானோ?

"சரின்னு சொன்னப்ப உள்ளுக்குள்ள எப்படி இருந்துச்சுக்கா?" என்று மாதவி கேட்டாள்.

"தனியா இருந்துச்சு."

சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரும் தேற்ற வரவில்லை. யோசனையும் சொல்லவில்லை. கூட உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். எத்தனையோ நாளாக நெஞ்சில் கனத்தது இறங்கியதுபோல் இருந்தது.

அடுத்த வாரம் கிள்ளானில் கிரிதரன் வழக்கம்போல், "சொல்லுங்க மேடம்" என்றார்.

"இன்னிக்கு நான் யோசனை ஒண்ணும் கொண்டு வரல. இந்த வேலையில நீங்க தனியா இருக்கீங்களோன்னு தோணுச்சு," என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். நாக்கு நுனிவரை யோசனைகள் வந்தன. விழுங்கிக்கொண்டாள்.

கிரிதரன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "யுவராஜும் நானும் ஒண்ணா மிஷின்ல நின்னவங்க. ஒண்ணாத்தான் சாப்பிடுவோம். நான் மேனேஜர் ஆனதிலேருந்து கார்ல உக்காந்து சாப்பிடறேன். அவன எப்படி மேடம் வேலை ஏவறது?" பிறகு அவரே சொன்னார். "நாளைக்குக் கேன்டீனுக்குப் போறேன். மொதல்ல அவன்கிட்டதான் பேசணும்."

போனார். யுவராஜ் முதலில் முகம் கொடுக்கவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகி, இரவு ஷிப்ட் ஆட்களுக்கான வேலையை இப்போது இருவரும் சேர்ந்துதான் பிரிக்கிறார்களாம்.

அடுத்த கூட்டத்துக்குக் குணேஸ்வரி ஒரு பை நிறையக் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கிக்கொண்டு மாடி ஏறினாள்.

"என்ன விசேஷம்?" என்றார் சுகுமாறன்.

"உங்க எல்லாருக்கும்தான். அவர் பேசிட்டார்."

விவரம் யாரும் கேட்கவில்லை. மாதவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க தப்பான யோசனைதானே சொன்னோம்?" என்றாள்.

"அதுலதானே எனக்கே புரிஞ்சுச்சு. அதுக்கும் சேத்துத்தான் நன்றி," என்றாள் குணேஸ்வரி.

அன்று தன் சிக்கலை எடுத்துவைப்பது சுகுமாறனின் முறை. அவர் கறிபாப் தின்ற வாயைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தார்.