இரண்டு விரல் இடைவெளி

பூட்ஸ் வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் பொய் சொல்வார்கள். மீதிப்பேருக்குத் தங்கள் கால் அளவே தெரியாது. பனிச்சறுக்குச் சரிவின் அடிவாரத்தில் இந்தக் கடையைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். யார் என்ன அளவு சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. பூட்ஸின் உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் கூட்டுக்குள் காலை விடச் சொல்வேன். கால்விரல் முன்னால் முட்ட நிற்க வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் என் விரலை விட்டுப் பார்ப்பேன். இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் அது பொழுதுபோக்குக்குச் சறுக்குகிறவர்களின் பூட்ஸ். ஒரு விரல் நுழையவே சிரமப்பட்டால் பந்தய பூட்ஸ்.

அந்த வியாழக்கிழமை காலையில் தலைநகர் லியூப்லியானாவிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். வருடத்துக்கு ஆறு நாள் சறுக்குகிறவர். பந்தய பூட்ஸ்தான் வேண்டுமாம், சிவப்பு நிறத்தில் பார்க்க எடுப்பாக இருக்கிறதாம். சரியென்று மாட்டிவிட்டு, மூச்சு விடாமல் நாலு பக்கிளையும் இறுக்கினேன். மூன்றாவது நிமிடமே மனிதர் பல் பிடுங்க உட்கார்ந்தவர் போல நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சமர்த்தாக அகலமான, மெத்தென்ற ஜோடியை வாங்கிக்கொண்டு போனார். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன். இப்போதெல்லாம் எதற்கும் பெரிதாக எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. கடையைத் திறக்கிறேன், மூடுகிறேன், நடுவில் பார்லிக் கஞ்சி குடிக்கிறேன்.

அவர் போன கதவு மூடிக்கொள்வதற்குள் ரோமானா உள்ளே வந்தாள்.

ரோமானா என் மனைவியாக இருந்தவள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் என்னை விட்டுப் போனவள். அதற்கும் முன்னால், இந்தப் பள்ளத்தாக்கின் சறுக்குக் கழகத்தில் அவளை விட வேகமான பெண் கிடையாது. நான் அந்த அணிக்குப் பூட்ஸ் சரிசெய்கிறவனாக இருந்தேன். இப்போது முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கன்னம் உள்ளே போயிருந்தது. அவளைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்திருக்க வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. கையிலிருந்த திருப்புளியை மேஜையில் வைத்தேன், அவ்வளவுதான்.

"என்ன, பேய பாத்த மாதிரி நிக்கிற? கடை தொறந்துதானே இருக்கு?" என்றாள்.

எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

"போகுது" என்றாள்.

எங்கள் ஊரில் யாரை எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும் இந்த ஒரு சொல்தான் வரும். கல்யாண வீட்டிலும் போகுது, சாவு வீட்டிலும் போகுது. ரோமானா அதை எங்கள் எல்லோரையும் விட நன்றாகச் சொல்வாள். இருபத்தாறு வயதில், சரிவில் நட்டிருக்கும் பந்தயக் கம்பத்தில் மோதி முழங்கால் தசைநார் அறுந்து, இனி பந்தயமே இல்லை என்று ஆனபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகும் தினமும் கேட்டேன், தினமும் போகுது என்றாள். நானும் நம்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். பல வருடம் அப்படியே ஓடியது. ஒரு மார்ச் மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எதனால் என்று கேட்டதற்கு, உனக்கே தெரியாதா என்று மட்டும் சொன்னாள். சத்தியமாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கழகத்தின் அறுபதாம் ஆண்டு விழா. பழைய வீரர்கள் எல்லோரும் கழகத்துச் சரிவில் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் சறுக்க வேண்டும். அவளுக்குப் பழைய ஏழாம் எண்ணையே கொடுத்திருக்கிறார்கள். அவளுக்குப் பந்தய பூட்ஸ் வேண்டும். அந்தக் காலத்தில் போட்ட அதே அளவு, ஒரு விரல்கூட நுழையாத அளவு.

வயது ஐம்பத்திரண்டு ஆகிறது, நடுத்தரமாக ஒன்று எடுத்துக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். பந்தயத்துக்கும் பொழுதுபோக்குக்கும் இடையில் நல்ல ஜோடிகள் இருக்கின்றன, கொஞ்சம் அகலம், கொஞ்சம் இளக்கம், காலுக்கும் சுகம், வளைவில் சொன்னபடி திரும்பவும் செய்யும்.

"பல் டாக்டருக்கு வித்த மாதிரி எனக்கும் விக்கப் பாக்குறியா?" என்றாள். கதவுக்கு வெளியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "ஒரே ஒரு ஓட்டம், வின்கோ. அது ஒண்ணாவது ஒழுங்கா ஓடணும். அதுக்கப்புறம் நீ குடுக்குற செருப்ப மாட்டிக்கிட்டுக்கூட போறேன்."

சரியென்றேன். நான் அவளுக்கு மறுப்புச் சொல்லிப் பழக்கமில்லாதவன்.

கூட்டுக்குள் எலும்பு எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. காலில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல், சாக்ஸுக்கு மேலாக, உதட்டுச்சாயம் தடவுவோம். காலை உள்ளே விட்டு எடுத்தால் கூட்டில் எங்கே சிவப்பு ஒட்டியிருக்கிறதோ அங்கே தேய்த்து இடம் பண்ண வேண்டும். நான் கணுக்காலில் ஒன்று, சுண்டுவிரல் மூட்டில் ஒன்று என்று இரண்டு பொட்டு வைத்தேன்.

அவள் என் கையிலிருந்த சாயக் குச்சியைப் பார்த்தாள்.

"இது என்னோட கலராச்சே."

"மலிவா கிடைக்குது" என்றேன். அது உண்மைதான். அழகுச்சாமான் கடைப் பெண் ஒவ்வொரு தடவையும் உதட்டுக்கு யார் போடப்போவது என்று கிண்டல் பண்ணிக்கொண்டே அதைத்தான் எடுத்துத் தருவாள். வேறு நிறம் கேட்க எனக்குத் தோன்றியதில்லை.

சிவப்பு ஒட்டிய இடங்களைச் சுழலும் அரத்தால் தேய்த்தேன். பிளாஸ்டிக் சுருள் சுருளாக உதிர்ந்தது. வழக்கமாகக் கூட்டைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அன்று தட்டினேன், துடைக்கவில்லை. எதற்குத் துடைக்கவில்லை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த மாதிரி நாட்களாகத்தான் இருந்தன எனக்கு. மறுபடியும் இரண்டு பொட்டு வைத்து, காலை வெறும் கூட்டுக்குள் விடச் சொன்னேன். பத்து நிமிடம் முழங்காலை மடக்கி மடக்கி நிற்க வேண்டும். எங்காவது குத்தினால், கடித்தால் அவர்களே சொல்வார்கள். இந்தத் தொழிலே அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நடக்கிறது.

நடுவில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் போகுது என்றாள். முகத்தில் சுளிப்பே இல்லை. பழைய பந்தயக்காரி, அவள் எதற்குச் சுளிக்கப் போகிறாள் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

பத்து நிமிடம் கழித்துக் காலை உருவினேன். வெள்ளைச் சாக்ஸில் கணுக்காலில் சிவப்பு, சுண்டுவிரல் மூட்டில் சிவப்பு, குதிகாலுக்கு அடியில் சிவப்பு. அடியில் நான் பொட்டு வைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தச் சிவப்பு பெரிதானது.

சாக்ஸைக் கழற்றினேன். குதிகாலில் பிளாஸ்டிக் சீவல் ஒன்று, நகத்து நீளம் இருக்கும், ஊசி மாதிரி நட்டமாக ஏறியிருந்தது. வேறு யாராவது என்றால் முதல் நிமிடத்திலேயே கடை அதிரக் கத்தியிருப்பார்கள். நான் அதைப் பிடுங்கியபோதுகூட ரோமானா ஜன்னல் வழியாகக் கம்பியில் தொங்கும் நாற்காலிகள் ஆட்களைச் சுமந்து மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோமானா, வலிக்கலயா உனக்கு?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். ரத்தத்தைப் பார்த்துத்தான் காயம் என்று அவளுக்குத் தெரிந்தது.

காயத்தைக் கழுவிக் கட்டுப்போடும்போது சொன்னாள், யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்வதுபோல. போன வருடம் மார்பில் புற்றுநோய். மருந்து ஏற்றினார்கள், அக்டோபரில் முடிந்தது. நோய் இப்போதைக்குப் போய்விட்டது. மருந்து அதோடு பாதத்தின் உணர்ச்சியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உணர்ச்சி திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மெதுவாகச் சறுக்கலாம், ஆனால் காலைத் தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும், புண் வந்தால் லேசில் ஆறாது, விரலை எடுக்கும்படிகூட ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் ஒருவரிடமும் சொல்லவில்லை, தன் அக்காவிடம்கூட.

நான் கட்டை இறுக்கிக்கொண்டே கேட்டேன். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. காது மட்டும் லேசாக இரைந்தது.

பந்தய பூட்ஸ் கிடையாது என்றேன்.

"ஒரு ஓட்டம்தானே. முக்கால் நிமிஷம்."

"கிடையாது."

"வின்கோ, கொஞ்சம் யோசிச்சுப் பாரு." அவள் குரல் ஏறவில்லை. "இந்தக் காலு தரையத் தொடுதான்னே எனக்குத் தெரியல. அந்த பூட்ஸுக்குள்ள இருந்தா, அது இறுக்கிப் பிடிச்சிருக்குன்னு முழங்காலுக்காவது தெரியும். நான் இன்னும் நான்தான்னு ஒரு தடவ தெரிஞ்சா போதும்."

"உள்ள புண்ணு வந்தா நீ சொல்ல மாட்ட. நானும் போகுதுன்னு நெனச்சுக்கிட்டு நிப்பேன்."

"நீ என்கிட்ட முடியாதுன்னு சொன்னதே இல்லயே."

"நீ என்கிட்ட வலிக்குதுன்னு சொன்னதே இல்ல."

அடுப்பில் டீக்கு வைத்த தண்ணீர் வற்றிப்போனது. நான் எழுந்து போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அகலமான ஜோடியை எடுத்து வந்தேன். பல் டாக்டர் வாங்கிப்போனதன் உடன்பிறப்பு, சாம்பல் நிறம். இந்தத் தடவை கூட்டைத் துடைத்தேன். என் கையை உள்ளே முழங்கை வரை விட்டு ஒவ்வொரு அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். அவள் கால் சொல்ல முடியாததை வேறு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் நுழைந்தது.

"கெழவிங்க போடுறது" என்றாள்.

"ஆமா, தாயே. கெழவிதானே நீ."

எனக்கும் சேர்த்து அவள் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்வாளா, வழியில் குப்பையில் எறிவாளா என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நல்ல வெயில். கழகத்துப் பெண்கள் பொடிட்சா என்ற வால்நட் கேக்கை வெட்டி வைத்திருந்தார்கள், ரம் ஊற்றின டீயும் இருந்தது. நான் எதையும் தொடாமல் முடிவுக்கோட்டுக்கு அருகில் நின்றேன். ஏழாம் எண், ரோமானா என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் பழைய ஆட்கள் பந்தய வழக்கப்படி உற்சாகப்படுத்த மாட்டு மணிகளை அடித்தார்கள். அவள் கிளம்பினாள். காலில் சாம்பல் நிற பூட்ஸ்தான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என்னால் மூச்சு விட முடிந்தது.

மெதுவாக வந்தாள். எங்கள் ரோமானாவா இது என்று யாரோ பின்னால் கேட்டார்கள். மூன்றாவது கம்பத்தில் சறுக்குப் பலகை நழுவி, சமாளித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள், முதல் தடவை சறுக்குகிறவர்கள் பார்ப்பார்களே அந்த மாதிரி. பதினொரு பெண்களில் பத்தாவது. கோட்டைத் தாண்டிப் பலகைகளைக் கழற்றிவிட்டு, வேலிக்கு அருகில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் போய் முன்னால் நின்றேன். "எப்படி இருக்க?"

வாயைத் திறந்தாள். என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும், பாதிச் சொல் உதட்டுக்கே வந்துவிட்டது. அதை நிறுத்திவிட்டாள்.

"நல்லா இல்ல, வின்கோ" என்றாள். "ஒண்ணுமே தெரியல. மேலேர்ந்து கீழ வரைக்கும் பயந்துக்கிட்டே வந்தேன்."

பனியில் மண்டியிட்டு அவள் பக்கிள்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். காலை உருவி, சாக்ஸைக் கழற்றி, கட்டைப் பிரித்துப் பார்த்தேன். குதிகாலில் பழைய காயம் மூடித்தான் இருந்தது. புதிதாக எதுவும் இல்லை. பாதம் ஜில்லென்றிருந்தது. கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டேன். என் கையும் விறைத்துப் போயிருந்தது, முதலில் எனக்கும் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ளங்கையில் லேசாகச் சூடு வந்தது.

ரோமானா கண்ணை மூடிப் பெஞ்சில் சாய்ந்திருந்தாள்.

"புடிச்சிருக்கியா?" என்று கேட்டாள்.

"புடிச்சிருக்கேன்" என்றேன்.