பலகையின் மேல்பாதி

டென்மார்க்கில் யார் வீட்டு ஜன்னலிலோ தொங்கப்போகிற திரைச்சீலைக்கு ஷாஹிஸ்தா பூ வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பூ முடிகிற இடத்தில் அடுத்தது சரியாகத் தொடங்க வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு புள்ளி பிசகினாலும் துணி முழுக்க ஓட்டைப்பல் மாதிரி தெரியும். கீழ்வீட்டில் வீட்டுக்காரர் துரைக்கண்ணுவின் தறி ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்குக் குடிவந்த புதிதில் அந்தச் சத்தம் அவளுக்குத் தலைவலி. இப்போதோ தறி நின்றால் அவள் கையும் நின்றுவிடுகிறது.

பட்டுச்சேலை பார்டருக்குக் கட்டம் கட்டமாக அன்னமும் யாளியும் வரைந்து கொடுக்கிற டிசைன் கடையில் தொழில் கற்றவள் அவள். இணையத்தில் அவள் போட்டிருந்த படங்களைப் பார்த்து ஹெல்வார்ன் என்கிற டென்மார்க் கம்பெனி வேலை கொடுத்தது. மகள் பிறந்து நாற்பது நாள் முடிகிறவரை அவள் கம்ப்யூட்டரைத் தொடவில்லை. அப்போதும் சம்பளம் நிற்கவில்லை. “குழந்தையைப் பார், பூக்கள் காத்திருக்கும்” என்று மேனேஜர் இங்க்ரிட் எழுதினாள். கூடவே ஒரு கம்பளித் தொப்பியும் பார்சலில் வந்தது. காஞ்சிபுரத்து வெயிலில் அதை எந்தப் பிள்ளைக்குப் போட? பீரோவில் பட்டுச்சேலைக்கு மேல் பத்திரமாக இருந்தது அது. ஷாஹிஸ்தா தொழுகையில் துவா கேட்கும்போது இங்க்ரிட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்வாள்.

அந்தக் கம்பெனியிலிருந்துதான் போன மாசியில் கடிதம் வந்தது. ஏப்ரல் முதல் தனி ஆட்களுக்குச் சம்பளம் கிடையாது. அவரவர் தங்கள் ஊரில் ஒரு நிறுவனம் பதிவு செய்து, அதன் பெயரில் பில் அனுப்ப வேண்டும். முடியாதவர்களுக்கு அத்தோடு வேலை முடிந்தது. வீட்டு வாடகையும் மகளின் பள்ளிக்கூடமும் அந்த வேலையில்தான் நின்றன. அவளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காந்தி ரோட்டு ஆடிட்டர் ரேணுகாம்பாள்தான் தைரியம் சொன்னாள். “இதுக்குப் போயி ஏம்மா அழுவுற? ஒன் பேர்லயே ஒரு தொழில்னு ஜிஎஸ்டி பதிவு வாங்கிடலாம். வெளிநாட்டுக்குச் செய்ற வேலைக்கு வருஷா வருஷம் ஒரு உறுதிப் பத்திரம் குடுத்துட்டா ஜிஎஸ்டி கட்ட வேணாம். வருமான வரி மட்டும் ஒழுங்கா கட்டிடு. வீட்டுக்காரர் சம்மதமும் கரண்டு ரசீதும் வேணும். வாசல்ல ஒரு போர்டு மாட்டணும். அவ்ளோதான்.”

துரைக்கண்ணு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். தறிக்காரருக்கு உள்ள மின்சாரச் சலுகையில் ஓடுகிற வீடு அது.

“கம்பெனின்னு எழுதிக் குடுத்துட்டா நம்ம மீட்டரைப் புடுங்கிடுவாங்களாம்மா?”

“மாடிக்குத் தனி மீட்டர்ணா. உங்களுது கீழதானே இருக்குது.”

“என்னமோ போ. நீ பொழச்சா சரி.” தறியில் உட்கார்ந்தபடியே கையெழுத்துப் போட்டார். பிறத்தியார் யாரும் தனக்காக அதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை என்று நினைத்தபோது ஷாஹிஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் புருஷன் இம்தியாஸ் ஸ்டிக்கர் போர்டு கடையில் வேலை பார்த்தான். போர்டுக்கு அலைய வேண்டியதில்லை.

“என்ன பேர் போடணும், மொதலாளியம்மா?”

“கிண்டல் பண்ணாதீங்க. மேல பெருசா ஹெல்வார்ன்னு போடுங்க. கீழ சின்னதா ஷாஹிஸ்தா டிசைன்ஸ், உரிமையாளர் ஷாஹிஸ்தான்னு.”

“ஒன் கடைக்கு அவங்க பேரு எதுக்கு?”

“அவங்க வேலைதானே ஓடிக்கினு இருக்குது?”

அவளுக்கு அது சாதாரண மரியாதை. தறி யார் வீட்டில் இருந்தாலும் ‘யார் பாவு ஓடுது?’ என்று கேட்கிற ஊர் அது. பாவு நூல் கொடுத்த முதலாளி பெயரைச் சொன்ன பிறகுதான் நெய்கிறவன் பெயர். இம்தியாஸ் சிவப்பு எழுத்தில் அழகாக வெட்டி ஒட்டினான். வாசலில் மாட்டியதும் அவள் படம் பிடித்து, ‘எல்லாம் உங்களால்தான், நன்றி’ என்று எழுதி இங்க்ரிட்டுக்கு அனுப்பினாள்.

பதில் இங்க்ரிட்டிடமிருந்து வரவில்லை. கம்பெனி வக்கீல் எழுதியிருந்தார். எங்களுக்கு இந்தியாவில் அலுவலகமும் இல்லை, ஊழியரும் இல்லை. பலகையை உடனே அகற்றிப் படம் அனுப்பவும். அதுவரை உங்கள் வேலை நிறுத்தப்படுகிறது. ஷாஹிஸ்தா கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாதியில் விட்டிருந்த பூ அங்கே இல்லை. கம்பெனி தளத்துக்குள் நுழைகிற கடவுச்சொல் செல்லாது என்றது. உடனே ஆடிட்டரைப் போனில் கூப்பிட்டாள்.

“அடக் கடவுளே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?” என்றாள் ரேணுகாம்பாள். “அவங்க பேரு இங்க தொங்குனா அவங்களுக்கு இங்க ஆபீஸ் இருக்குதுன்னு ஆயிடும்மா. அப்புறம் நம்ம ஊர் வருமான வரி அவங்க தலையில வுழும். அதுக்குப் பயந்துதானே ஒன்னைத் தனி நிறுவனமா ஆக்கினாங்க? மொதல்ல அதைப் பிச்சிப் போடு.”

இம்தியாஸ் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தான். அவன் நகத்தால் நெம்ப, அவள் வெந்நீரில் துணி நனைத்துக் கொடுக்க, சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்தன. துரைக்கண்ணு தறியை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார்.

“எங்க கதைதாம்மா ஒனக்கும். தறி நம்முது, எடம் நம்முது, கரண்டு நம்முது. பேரு மட்டும் மொதலாளிது. ஒங்காளு என்னடான்னா பேரைக்கூடத் தர மாட்டேன்றாரே?”

அவள் சிரித்துவிட்டாள். அழுகையும் வந்தது. கீழ்பாதியில் மட்டும் எழுத்துள்ள பலகையைப் படமெடுத்து அனுப்பினாள். சாயங்காலம் கடவுச்சொல் செல்லுபடியாயிற்று. பாதிப் பூ விட்ட இடத்திலேயே இருந்தது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கையெழுத்துப் போட்ட துரைக்கண்ணுவுக்கும், திட்டிக்கொண்டே வழிசொன்ன ரேணுகாம்பாளுக்கும், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்த புருஷனுக்கும், கதவைச் சாத்தாத ஹெல்வார்னுக்கும் அவள் மனம் நிறைந்து நன்றி சொன்னது. மறுநாள் பிரியாணி செய்து கீழ்வீட்டுக்கும் ஆடிட்டர் ஆபீசுக்கும் கொடுத்தனுப்பினாள்.

ஆடி பிறந்தபோது அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். இங்க்ரிட்டிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. பிரசவத்தின்போது கொஞ்சநாள் விடுப்பு வேண்டுமென்றும் எழுதினாள். இங்க்ரிட் உடனே பதில் போட்டாள். மனமார்ந்த வாழ்த்துகள். ஊழியர் விடுப்பு உங்கள் நிறுவனத்தின் சொந்த விஷயம், அதில் நாங்கள் தலையிட முடியாது. அந்த நாட்களில் வேலை தடைபடாமல் உங்கள் நிறுவனம் மாற்று ஆள் ஏற்பாடு செய்துவிடும் என்று நம்புகிறோம். கடைசியில் ஒரு சிவப்பு இதயப்படம் இருந்தது. வாழ்த்தை மட்டும் அவள் இம்தியாஸுக்குப் படித்துக் காட்டினாள்.

உரித்த எழுத்துகளின் பசை பலகையை விட்டு முழுதாகப் போயிருக்கவில்லை. வாலாஜாபாத் பஸ் கிளப்புகிற புழுதி அதில்தான் போய் ஒட்டியது. இரண்டொரு நாளைக்கொரு தடவை ஹெல்வார்ன் என்று பழுப்பு எழுத்தில் பெயர் தானாகவே எழும்பிவிடும். யாராவது படமெடுத்து அனுப்பிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். விடிந்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியால் அந்தப் பெயரைத் துடைப்பாள். கீழே ‘உரிமையாளர் ஷாஹிஸ்தா’ பளிச்சென்று இருக்கும். இறங்கிப் போய் அவள் கம்ப்யூட்டரைத் திறப்பாள்.