முதல் வீட்டிலிருந்து இரண்டாவது வீட்டுக்கு

"எங்க நின்னுச்சு?" என்று கேட்டார் விசில் மாஸ்டர்.

"எங்க நிக்கும்? வழக்கமா நிக்கிற இடத்துலதான்" என்றார் கடிகாரக்காரர்.

இருவரும் மருந்துக்கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே பார்க்காத மாதிரி உள்ளே பார்த்தார்கள். உள்ளே மருந்தக்கா இருமல் மருந்துப் புட்டிகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவை ஏற்கெனவே உயர வரிசையில்தான் இருந்தன.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க" என்று ஆரம்பித்தார் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றாதவர். "ஒத்திகைக்கு மணி அடிச்சு இருபது நிமிஷம் ஆச்சு. பத்தொன்பது வீட்டுல பதினெட்டு வீட்டுக்கு இன்னும் செய்தியே போகலை. கடைசி வீட்டுத் தபால்காரர் சக்கர நாற்காலியில உக்காந்து, தலையில தொப்பி வேற போட்டுக்கிட்டு, வாசல்லயே தயாரா இருக்கார். 'இன்னும் வெள்ளம் வரலையா மாஸ்டர்?'னு ரெண்டு தடவை கேட்டுட்டார்."

"நான் சொன்னேனே."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"பொதுவா சொன்னேன்."

"பொதுவான்னா?"

மருந்தக்கா ஒரு புட்டியின் மூடியைத் துடைத்தாள். "பூனைகிட்ட."

அந்தத் தெரு ஆற்றை நோக்கிச் சரிந்து இறங்குவது. மேட்டில் முதல் வீடு மருந்தக்காவுடையது, முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம். ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஒட்டி நிற்கும் இரண்டாவது வீடு, அவள் கொழுந்தனார் வீடு. மேலே அணையில் தண்ணீர் திறந்தால் முதல் வீட்டுக்குத் தொலைபேசி வரும். முதல் வீடு இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும். கேட்டவர் அதை வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொல்லிவிட்டு மூன்றாவது வீட்டுக்கு ஓட வேண்டும். இப்படியே ஆற்றங்கரை வரை. கேட்டவர்கள் எல்லோரும் மேட்டிலிருக்கும் பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட வேண்டும். ஏற்பாட்டைச் செய்தது ஆற்றின் நீளத்துக்கும் இருக்கும் படகோட்டிகள், கடைக்காரர்கள், ஆசிரியர்கள் சேர்ந்த கூட்டமைப்பு. தெருவுக்கு அதைக் கொண்டுவந்து, அட்டையில் எழுதி, பத்தொன்பது வீட்டுச் சுவரிலும் ஒட்ட வைத்தவள் மருந்தக்கா. "திருப்பிச் சொல்லாத செய்தி, சொல்லாத செய்தி" என்பது அட்டையின் கடைசி வரி. அவளே யோசித்து எழுதியது.

எல்லாம் சரி. இரண்டாவது வீட்டுச் சின்னவளோடு, அதாவது தன் ஓரகத்தியோடு, அவளுக்கு ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை.

காரணம் ஒரு ஏணி. கடைப் பலகைக்கு வர்ணம் பூச மருந்தக்கா அதை இரவல் வாங்கினாள். திருப்பிக் கொடுத்தபோது நாலாவது படி உடைந்திருந்தது. சின்னவள் படியைத் தடவிப் பார்த்து, "ஏணி மேல தப்பில்லை, ஏறினவங்க..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். அவ்வளவுதான். நிறுத்திய இடத்திலிருந்து அந்த வாக்கியத்தை மருந்தக்கா ஆறு வருஷமாக விதவிதமாக முடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முடிவிலும் அவளுடைய எடை ஐந்து கிலோ கூடியது.

பேச்சு இல்லையே தவிர, பேசாமல் இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. சுவருக்குக் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்கு வாயும் இருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து மருந்தக்கா பூனையிடம், "சிலருக்கு வாய் மட்டும் நீளம்" என்பாள். அந்தப் பக்கத்தில் சின்னவள் தையல்காரி. பதில் சொல்ல மாட்டாள், மிதிப்பாள். தையல் மெஷின் கடகடவென்று ஓடும். இங்கே குரல் உயர்ந்தால் அங்கே மிதியும் வேகமெடுக்கும். இவர்கள் சண்டையில் தெருவுக்குத் துணி சீக்கிரம் தைத்துக் கிடைத்தது.

அண்ணன் தம்பி இருவருக்கும் இதில் பங்கில்லை. ஒரே பேருந்துப் பணிமனையில் வேலை. ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்புவார்கள். தெருமுனை வந்ததும் ஒருவர் இறங்கி, அறிமுகமில்லாதவர் மாதிரி பத்தடி பின்னால் நடப்பார்.

"இது மூணாவது ஒத்திகை" என்றார் மாஸ்டர். "சனிக்கிழமை கூட்டமைப்பிலேருந்து வந்து பார்க்கப் போறாங்க. தேறலைன்னா தொலைபேசியை அடுத்த தெரு சலவைக்கடைக்கு மாத்திடுவாங்க."

மருந்தக்காவின் கை புட்டியிலேயே நின்றுவிட்டது.

கூட்டமைப்பு கொடுத்த அந்தக் கைத்தொலைபேசிதான் அவள் உயிர். மறுமுனையில் இருப்பவள் அணையில் மதகு காக்கும் பெண். அணை இருப்பது எல்லைக்கு அந்தப் பக்கம், வேறு நாடு. இரண்டு அரசாங்கங்களும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதுவானாலும் மூன்றாவது நாடு ஒன்றின் வழியாகச் சாடை பேசிக்கொள்ளும். "எங்க ஆளுங்க உங்க ஆளுங்களுக்குச் சொல்லி, அவங்க உங்களுக்குச் சொல்றதுக்குள்ள தண்ணி கடலுக்கே போய்ச் சேர்ந்துடும்" என்பாள் மதகுக்காரி. அதனால் வாரம் ஒரு முறை தானே கூப்பிட்டு நீர்மட்டம் சொல்வாள். மட்டம் சொல்ல அரை நிமிஷம். மிச்சம் முக்கால் மணி நேரம் மகளின் படிப்பு, இருவருடைய முட்டிவலி, மாமியார். பார்த்திராத அந்தச் சிநேகிதியைச் சலவைக்கடைக்குத் தாரை வார்ப்பதா?

"சின்னவதான் வந்து கேட்கட்டுமே" என்றாள்.

"வெள்ளம் வருதான்னு அவங்க தினம் வந்து விசாரிக்கணுமாக்கும்?"

கடிகாரக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் வீடு சாலைக்கு எதிர்ப்பக்கம். "ஒண்ணு செய்யலாம். நீங்க என்கிட்ட சொல்லுங்க. நான் சாலையைத் தாண்டிப் போய் அவங்ககிட்ட சொல்லிடறேன். வர்றவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

மருந்தக்காவின் முகம் மலர்ந்தது. மாஸ்டர் முகம் மலரவில்லை. ஆனால் விசிலும் ஊதவில்லை.

சனிக்கிழமை செய்தி குறுக்கு வழியில் போனது. பதின்மூன்று நிமிஷத்தில் தபால்காரர் தொப்பியோடு பள்ளிக்கூட மாடியில் இருந்தார். கூட்டமைப்பினர் கைதட்டினார்கள். மருந்தக்காவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் இருநூறு வார்த்தை பேசினாள்.

"அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் ஆயிரம் இருக்கும். அவங்க பேசலைன்னா என்ன? சாதாரண ஜனங்க நாம பேசுவோம். வெட்டி வறட்டு கௌரவத்தைத் தூக்கி ஓரமா வெச்சுட்டு, ஒரு மனுஷி இன்னொரு மனுஷியைக் கூப்பிட்டு 'ஜாக்கிரதையா இரு'ன்னு சொன்னா, அதை விடப் பெரிய பாதுகாப்பு எந்த நாட்டுக்கும் கிடையாது!"

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னவள், மடியிலிருந்த நூல்கண்டிடம் குனிந்து, "கேட்டுக்கோ. ஊருக்கு உபதேசம் நடக்குது" என்றாள்.

தொலைபேசி மருந்தக்காவிடமே தங்கியது. அந்தச் சிரிப்பும் தங்கியது.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. நல்ல வெயில். தொலைபேசி அடித்தது.

"என்னடி, இன்னிக்கு உன் முறை இல்லையே. முட்டி எப்படி இருக்கு?"

"அக்கா, இது ஒத்திகை இல்லை."

மருந்தக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். 'இது ஒத்திகை இல்லை' என்ற மூன்று வார்த்தையையும் அட்டையில் எழுதியவளும் அவள்தான்.

"இங்க வெயில் காயுதே?"

"அங்க காயும். இங்க வானம் பொத்துக்கிச்சு. ரெண்டு மதகையும் தூக்கியாச்சு. ரெண்டு மணி நேரம், குறைஞ்சாலும் குறையும். சொல்லிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க. அது வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

மருந்தக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு சாலையைத் தாண்டினாள். கடிகாரக்காரர் வீட்டுக் கதவில் பூட்டு. பூட்டின் மேல் ஒரு சீட்டு: 'மைத்துனர் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நாளை வருவேன்.' மனுஷன் நேரத்தைக்கூட எழுதியிருந்தார், காலை ஒன்பதே கால்.

மாஸ்டர் வீடு பதினைந்தாவது, சரிவின் அடியில். அவள் முட்டிக்கு அது அரைமணி நேர யாத்திரை. நேராக மூன்றாவது வீட்டுக்குப் போய்விடலாமா? போகலாம். ஆனால் பள்ளிக்கூட மாடியின் சாவி தொங்குவது இரண்டாவது வீட்டு ஆணியில். அந்த மாடியில்தான் சின்னவள் தையல் வகுப்பு நடத்துகிறாள். சாவி இல்லாமல் ஆட்களைக் கிளப்பி எங்கே நிறுத்துவது?

திரும்ப வீட்டுக்குள் ஓடிச் சுவரருகே நின்றாள். பூனை நிமிர்ந்து பார்த்தது.

"மேல தண்ணி திறந்தாச்சு!" என்று கத்தினாள்.

கடகட.

"ரெண்டு மணி நேரம்தான் இருக்கு!"

கடகடகடகட.

"அடியே, நிஜமாத்தான்!"

மெஷின் பறந்தது. ஆறு வருஷப் பழக்கம்; இவள் எவ்வளவு கத்துகிறாளோ அவ்வளவு வேகம். அந்தப் பக்கம் ஒரு எழுத்துக்கூடப் போய்ச் சேரவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். இங்கே தலை அளவுக்கு வருவதற்குள்ளேயே இந்தச் சுவரைத் தாண்ட முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை முட்டியது. தொப்பி போட்ட தபால்காரர் கண் முன்னால் வந்தார்.

இரண்டாவது வீட்டுக்குப் பதினோரு எட்டு. மருந்தக்கா எண்ணிக்கொண்டே போனாள்.

கதவு திறந்துதான் இருந்தது. தட்ட வேண்டிய அவசியமில்லை. ஆனாலும் தட்டினாள், அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.

மெஷின் நின்றது. சின்னவள் நிமிர்ந்தாள். கழுத்தில் அளவு நாடா, உதட்டில் வரிசையாக ஐந்து குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்து ஊசித் திண்டில் குத்தினாள். ஐந்தும் குத்தி முடிகிற வரை மருந்தக்கா நிலைப்படியில் வியர்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சின்னவள், தைத்துக்கொண்டிருந்த சட்டையிடம், "கடைக்காரங்க வழி தவறி வந்துட்டாங்க போலிருக்கு" என்றாள்.

"சட்டைகிட்ட சொல்லாதே. என்னைப் பாரு."

சின்னவள் பார்த்துவிட்டாள்.

"மேல தண்ணி திறந்தாச்சு. ரெண்டு மணி நேரம். மாடிக்கு வாங்க."

"இன்னிக்குமா ஒத்திகை? கடிகாரக்காரர் வரலையா?"

"ஒத்திகையா இருந்தா நான் ஏண்டி வரப் போறேன்?"

இதை விட உறுதியான ஆதாரம் சின்னவளுக்குத் தேவைப்படவில்லை. சட்டை கீழே விழுந்தது. "மேல தண்ணி திறந்தாச்சு. ரெண்டு மணி நேரம். மாடிக்கு வாங்கக்கா" என்று ஒப்பித்தாள். செய்தியில் 'அக்கா' கிடையாது. விதிப்படி ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது. மருந்தக்கா திருத்தவில்லை.

"சாவி?"

"ஆணியில. நீங்க போய்த் திறங்க. அந்த முட்டியை வெச்சுக்கிட்டு மெதுவா ஏறுங்க, கைப்பிடியைப் பிடிச்சு."

"என் முட்டி உனக்கெப்படித் தெரியும்?"

"தினம் பூனைகிட்ட சொல்றீங்களே!"

அதற்குள் அவள் தெருவில் இருந்தாள். வெறுங்காலோடு, நாடா பின்னால் பறக்க.

தெரு முழுக்க முதலில் சிரித்தது. வியாழக்கிழமை, வெயில், ஒத்திகையா என்று. மூன்றாவது வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்து, "யார் சொன்னது?" என்று கேட்டாராம். "அக்கா என் வீட்டுக்கே வந்து சொன்னாங்க" என்றாளாம் சின்னவள். அவர் உடனே அடுப்பை அணைத்துவிட்டு நாலாவது வீட்டுக்கு ஓடினார். அதன் பிறகு செய்தியோடு அதுவும் சேர்ந்தே போனது: "மேல தண்ணி திறந்தாச்சு, ரெண்டு மணி நேரம், மாடிக்கு வாங்க, மருந்தக்கா தையல்காரி வீட்டுக்குள்ள போய்ட்டாங்க." பத்தொன்பது வீட்டில் ஒருவரும் அதற்கு மேல் கேள்வி கேட்கவில்லை.

தபால்காரரை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி வந்தார்கள். "தொப்பி போட நேரமே குடுக்கலை" என்று மாஸ்டரிடம் புகார் செய்தார்.

ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்தது. ஆர்ப்பாட்டமில்லாமல், பழுப்பாக, கடைசி ஏழு வீட்டு வாசலைத் தாண்டி, தபால்காரர் வீட்டில் ஜன்னல் கம்பி வரை ஏறி, அங்கேயே நின்றது. மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள்.

மருந்தக்காவின் பையில் தொலைபேசி அடித்தது. அவள் அங்கிருந்த குழந்தைகளுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "அதை எடு" என்றாள், பக்கத்தில் நின்றவளிடம்.

சின்னவள் எடுத்தாள். "ஆமா, எல்லாரும் மேல வந்தாச்சு. பத்தொன்பது வீடும். நீங்க உக்காருங்க முதல்ல... நானா? நான் ரெண்டாவது வீடு." கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு, "அப்படி ஒரு வீடு இருக்கிறதாவே நீங்க மூணு வருஷமா சொல்லலையாமே?" என்றாள்.

மருந்தக்கா தம்ளரைத் துடைத்தாள். அது ஏற்கெனவே துடைத்த தம்ளர்.

"சொல்ற மாதிரி நீ என்ன செஞ்சே? ஏணி மேல தப்பில்லை, ஏறினவங்கன்னு இழுத்தியே. ஏறினவங்க... அப்புறம் என்ன?"

சின்னவள் யோசித்தாள். "ஏறினவங்க கீழ விழாம தப்பிச்சாங்களே, அதுவே போதும்னு சொல்ல வந்தேன் அக்கா."

"பொய்!"

"பொய்தான். எடையைத்தான் சொல்ல வந்தேன்."

"எனக்குத் தெரியும்டி! ஆறு வருஷமா தெரியும்! நாலாவது படியில ஏற்கெனவே விரிசல் இருந்துச்சு, அதைச் சொல்லாம தலையில கட்டினவ நீ—"

"விரிசலா? எங்க வீட்டு ஏணியிலயா? உங்க மச்சினரைக் கூப்பிடுங்க, கேட்போம்!"

"கூப்பிடு! அவரும் வரட்டும்!"

குரல்கள் மாடிக் கூரையை இடித்தன. நடுவில் சுவர் இல்லை, பூனை இல்லை, மெஷின் இல்லை. சின்னவள் கையிலிருந்த தொலைபேசிக்குள் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "யார் ஏணி? யாருடைய ஏணி? எனக்கும் சொல்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

மாஸ்டர் விசிலை வாய்வரை கொண்டுபோய்விட்டு, கீழே விட்டார். "ஒன்பது நிமிஷம்" என்றார் தபால்காரரிடம், கடிகாரத்தைக் காட்டி. "செய்தி போனது ஒன்பது நிமிஷம்தான். எதிர் வீட்டைச் சுத்தாததால."

"இது எவ்வளவு நேரம் போகும்?" என்று கேட்டார் தபால்காரர், அந்த இருவரைப் பார்த்து.

"தண்ணி வடியட்டும், பார்க்கலாம்" என்றார் மாஸ்டர்.